கார் கிரில்லுக்கு வலை: மண்டபம் உப்புக்காற்றுக்கு ஏற்ற மாதிரி

ஸ்க்ரூ என்னவோ பளபளவென்றுதான் வெளியே வந்தது. அது உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி அலுமினிய வலை வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, ஸ்க்ரூ அளவுக்குப் போட்ட ஓட்டை சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு அகன்று கிடந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்விஃப்ட். முந்தைய ஓனர் மதுரைக்காரர். குரோம் கிரில்லும் அதன் பின்னால் கருப்பு அலுமினிய வலையும் அங்கேயே மாட்டியிருந்தார். மதுரையில் இருந்தவரை அதற்கு ஒரு குறையும் வரவில்லை. ராமேஸ்வரத்துக்கு முன்னால் கடலோரத்தில் இருக்கிற எங்கள் மண்டபத்துக்கு வந்து ஒரு கச்சான் (தென்மேற்குக்) காற்றுப் பருவம் தாண்டியதும் இந்த நிலைமை.

காரணம் ரொம்ப எளிது. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூவும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அது ஒரு குட்டி பேட்டரி. அந்த பேட்டரியில் கரைந்துபோவது அலுமினியம்தான், எஸ்.எஸ். கல்லுமாதிரி இருக்கும். வலைக்கு அடித்திருந்த கருப்புக் கோட்டிங் முகப்பில் நன்றாகவே இருந்தது. ஓட்டை போட்ட இடத்திலும் வெட்டிய ஓரத்திலும் கோட்டிங் இல்லை, உப்பு அங்கே புகுந்துவிட்டது.

இங்கே ஒரு பக்கம் பாக் ஜலசந்தி, மறுபக்கம் மன்னார் வளைகுடா. கச்சான் அடித்தாலும் வடகிழக்கிலிருந்து வாடை அடித்தாலும் வந்து சேர்வது உப்புதான். காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைச் சோதித்துப் பார்க்க மண்டபம் முகாமைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு எஸ்.எஸ். கம்பி, பாலிசிலோக்சேன் பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்பு என்று போனதற்கும் காரணம் இதுவே. அதற்கு முன்பிருந்த 1914 பாலத்துக்குப் பெயின்ட் அடித்தே பல தலைமுறை ஓய்ந்துவிட்டது. அதனால் கோயம்புத்தூர் மாதிரி கடல் இல்லாத ஊர்க்காரர்கள் வீடியோவில் காட்டுகிற முறையை அப்படியே எடுத்து இங்கே செய்தால் நிற்காது. நான் ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொண்டேன்: என்ன போட்டாலும் உப்பு ஒருநாள் தின்னும், ஆகவே எது செய்தாலும் சுலபமாகக் கழற்றி, கழுவி, திரும்ப பெயின்ட் அடித்து மாட்டுகிற மாதிரி செய்ய வேண்டும்.

வலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அழகுக்குத்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. கூடவே ஒரு பயன் உண்டு. ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கும் முன்னால் நிற்கிறது. அதன் மெல்லிய தகடுகளில் தட்டான், சீமைக்கருவேல இலை, ரோட்டோரம் பறக்கிற கேரி பேக், முன்னால் போகிற டிப்பர் தெறிக்கிற ஜல்லி எல்லாம் வந்து அடிக்கும். வலை இவற்றைத் தடுக்கும். தனுஷ்கோடி ரோட்டு மணலை எந்த வலையும் தடுக்காது, அதை எதிர்பார்க்கவும் கூடாது.

எந்த வலை

கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது அலுமினிய டைமண்ட் வலை. லேசு, கத்தரிக்கோலில் வெட்டலாம், கையாலேயே வளைக்கலாம். கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். கடலோரத்தில் வெட்டிய ஒவ்வொரு ஓரத்தையும் பிரைமர் அடித்து மூட முடிந்தால் மட்டும் அது சரிப்படும்.

கோழிக்கூண்டுக்குப் போடுகிற ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை வேண்டவே வேண்டாம். மேலே இருக்கிற துத்தநாகம் இந்தக் காற்றில் சீக்கிரம் போய்விடும். அப்புறம் மழை பெய்யும்போதெல்லாம் பம்பரில் செம்பழுப்புக் கோடு வடியும். ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலை இன்னொரு ஆசை, சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் காற்றோட்டத்தை யோசிக்க வேண்டும். சதுரக் கண் வலைக்குக் கணக்கு சுலபம்: கண்ணின் அகலத்தை, கண்ணும் கம்பியும் சேர்ந்த அகலத்தால் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கினால் எவ்வளவு இடம் திறந்திருக்கிறது என்று தெரியும். 6 மில்லி கண், 1 மில்லி கம்பி என்றால் 73 சதவீதம் திறப்பு. கொசுவலையில் அது 65 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பார்க்கப் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் கொசுவலையின் கண் ஒன்றரை மில்லிகூட இல்லாததால் பூச்சியும் தூசியும் உப்பும் சேர்ந்து ஒரு வாரத்தில் அப்பிக்கொள்ளும். கோடையில் ஏசி போட்டுக்கொண்டு டிராஃபிக்கில் நிற்கும்போது அந்த அடைப்பு இன்ஜின் சூட்டில் தெரியும்.

நான் எடுத்தது எஸ்.எஸ். பின்னல் வலை, 6 மில்லி கண், 316 தரம். கடைகளில் சாதாரணமாக இருப்பது 304. 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கூடுதலாக இருக்கிறது. உப்பில் புள்ளி புள்ளியாக அரிப்பதை அது நன்றாகவே தாங்கும். 304 உடனே ஓட்டையாகிவிடாது, ஆனால் கடலோரத்தில் டீக்கறை போல மேலெல்லாம் பழுப்பு படரும். காந்தம் வைத்து இரண்டையும் பிரிக்கலாம் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். தரம் எழுதிய பில் வாங்குவதுதான் வழி. விலை அலுமினியத்தைவிட நிறையவே கூட. தேவைப்படுவது இரண்டடிக்கு ஒரு துண்டு என்பதால் கையைக் கடிக்கவில்லை.

கழற்றுவதும் கழுவுவதும்

பானெட்டைத் திறந்து மேல் கிளிப்புகளை எடுத்தால் கிரில் கையோடு வரும் என்று நினைக்கலாம். வெயிலில் பல வருடம் காய்ந்த பிளாஸ்டிக் அப்படி வராது. வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்தி, பிளாஸ்டிக் சூடேறி இளகிய பிறகு நெம்பினால் காதுகள் உடையாது. அப்படியும் ஒரு காது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கழற்றியதும் கிரில்லின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த வகை பிளாஸ்டிக் என்று ஏ.பி.எஸ். என்றோ பி.பி. என்றோ அச்சு பதிந்திருக்கும். இது முக்கியம். பி.பி. என்றால் பாலிபுரொப்பிலீன்; அதில் சாதாரண பிரைமர் ஒட்டாது, நகத்தால் சுரண்டினாலே தோலாக உரிந்து வரும். அதற்கென்று பிளாஸ்டிக் பிரைமர் தனியாக விற்கிறது, அதை முதலில் அடித்தாக வேண்டும். என்னுடையது ஏ.பி.எஸ். இதில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பெயின்ட் கடை தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தால் பிளாஸ்டிக்கே இளகி, மேற்பரப்பு பிசுபிசுவென்றாகிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும்.

கழுவுவதில்தான் நம்மூர்ச் சிக்கல். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடலாம். அப்புறம் அலசுவது எதில்? எங்கள் தெருவில் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். அதில் அலசிக் காயவைத்தால் வெள்ளைப் பூ பூக்கும். அந்த உப்பின் மேலேயே பெயின்ட் அடித்ததாகிவிடும். பெயின்டுக்கு அடியில் சிக்கிய உப்பு சும்மா இருக்காது. ஈரத்தை உள்ளே இழுத்து, மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். முதல் அலசல் எல்லாம் போர் தண்ணீரில் முடித்துவிட்டு, கடைசி இரண்டு அலசலுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் எடுத்தேன். வீட்டில் கொஞ்சம் முறைத்தார்கள். குழாயில் தண்ணீர் வராத நாள் என்றால் கேன் தண்ணீர் வாங்கியாவது இதைச் செய்யுங்கள். இந்த வேலை முழுவதிலும் சுருக்குவழி தேடக் கூடாத இடம் இதுதான்.

குரோம் முழுவதையும் உரிக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக் மேல் செம்பு, நிக்கல், குரோம் என்று அடுக்கடுக்காகப் பூசியிருப்பார்கள். மேலே தெரிகிற குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. உப்பு அதன் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியே இறங்கி அடியிலிருந்து தூக்குகிறது. தூக்கிய இடத்தைச் சுரண்டி, ஓரம் கையில் தட்டுப்படாத வரை 320 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்தேன். நன்றாகப் பிடித்திருக்கிற இடத்தில் பளபளப்பு செத்து மங்கலானால் போதும். பிறகு மொத்தமும் ஒருமுறை 600-ல். எல்லாம் தண்ணீர் விட்டுத்தான். அந்தத் தூளை மூக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். கம்பிகளுக்கு இடையில் விரல் போகாத இடத்துக்கு ஐஸ்கிரீம் குச்சியில் பேப்பரைச் சுற்றிக்கொண்டேன். அலுப்பான வேலை, அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

விரிசல் விட்ட காதுக்கு ஒட்டுப் போடப் பலரும் ஸ்டேப்ளர் பின்னைச் சூடாக்கிப் பதிப்பார்கள். அந்தப் பின் இங்கே ஆறு மாதத்தில் துருப்பிடித்து ஊதி, விரிசலை இன்னும் பெரிதாக்கும். வெட்டி மிஞ்சிய எஸ்.எஸ். வலையிலிருந்து விரல்நகம் அளவு துண்டு எடுத்து, சால்டரிங் அயர்னால் பிளாஸ்டிக்குக்குள் அழுத்திப் புதைத்தேன். மேலே உடனடி பசை ஒரு சொட்டு, அதன்மேல் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. தூவிய நொடியில் கல்லாக இறுகும். அரம் போட்டு மட்டமாக்கிக்கொள்ளலாம். புகை எரிச்சலாக இருக்கும், திறந்த இடத்தில் செய்ய வேண்டும்.

வெட்டுவது

கிரில்லின் வெளிச் சட்டத்தைத் தொடவில்லை. நடுவில் இருந்த குறுக்குக் கம்பிகளை மட்டும் ஹேக்சா பிளேடால் எடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் சட்டம் தொய்ந்துவிடும் என்பதால், எம்பளம் உட்காருகிற நடுக் கம்பியை விட்டுவைத்தேன். அளவுக்குப் பழைய சோப்புப் பெட்டி அட்டையை வைத்து வரைந்து, சுற்றிலும் இரண்டு விரல் அகலம் கூட்டி வலையை வெட்டினேன். பின்னல் வலை ஓரத்தில் பிரியும். ஒரு சென்டிமீட்டர் மடித்துத் தட்டிவிட்டால் நிற்கும், கையையும் கிழிக்காது.

எஸ்.எஸ்.ஸை சாதாரண இரும்புக் கட்டிங் பிளேயரில் வெட்டினால், அதிலிருந்து இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அங்கே பழுப்புப் புள்ளி வரும். 316 வாங்கியும் துருப்பிடிக்கிறதே என்று அப்புறம் கடைக்காரரைத் திட்டுவார்கள். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் கொடுப்பார்கள். வெந்நீரில் கரைத்து, வெட்டி மடித்த வலையை அதில் ஊறப்போட்டு எடுத்தால் ஒட்டியிருக்கிற இரும்பு கரைந்துவிடும். எஸ்.எஸ்.ஸும் தன் காப்புப் படலத்தை ஒழுங்காகக் கட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் வாளி எடுங்கள், இரும்புச் சட்டி வேண்டாம்.

பெயின்ட் அடிக்க நேரம் பார்ப்பது

கார்ப் பெயின்டர்கள் அடிக்கிற, ஹார்ட்னர் கலந்த இரண்டு பாகப் பெயின்ட்தான் உழைப்பில் உசத்தி. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க்கோ சாதாரண தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது, மூச்சுக்குழலுக்கு நிரந்தரக் கேடு செய்யும். அதை வீட்டு முற்றத்தில் அடிக்க நான் தயாரில்லை. ஸ்ப்ரே கேன் அக்ரிலிக்தான் எடுத்தேன். உழைப்பு குறைவு என்பது தெரிந்தே எடுத்தது. கழற்றி மறுபடி அடிக்கத் தோதாகத்தானே செய்கிறோம்.

ஸ்ப்ரே கேனுக்கு எதிரி ஈரக்காற்று. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரம் அதில் படியும். கருப்பு, சாம்பல் பூத்த மாதிரி வெளுக்கும். உடைந்த பக்கெட் மூடியில் விடிகாலையில் அடித்துச் சோதித்தபோது அப்படியே வெளுத்தது. அதே கேன், அதே மூடி, ஒன்பது மணிக்கு மேல் அடித்ததில் கருகருவென்று நின்றது. அதனால் நேரம் இப்படி அமைந்தது: பனி ஈரம் காய்ந்த பிறகு, கடல் காற்று கிளம்புவதற்கு முன். பதினொரு மணிவாக்கில் காற்று எழுந்துவிட்டால் மணலும் உப்பும் ஈரப் பெயின்டில் வந்து ஒட்டும். தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். இங்கே இருக்கிற ஈரம் போதாதென்று இன்னும் கூட்டுவானேன்? தார்ப்பாயை மூன்று பக்கம் கட்டி, தரையைக் கூட்டி விட்டுவிட்டேன். மாதமும் முக்கியம். கச்சான் ஓங்கி அடிக்கிற ஆனி, ஆடியிலும், வாடையும் மழையுமாக இருக்கிற ஐப்பசி, கார்த்திகையிலும் இந்த வேலையைத் தொடாதீர்கள். மாசி, பங்குனி நல்லது.

பிளாஸ்டிக் சட்டத்துக்குச் சாதாரண பிரைமர், எஸ்.எஸ். வலைக்கு உலோகத்தைக் கவ்விப் பிடிக்கிற எட்ச் பிரைமர். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று விட்டால் வலையில் அடித்த பெயின்ட் முதல் கல் பட்டதும் சில்லாகத் தெறிக்கும். வலையையும் அடிப்பதற்கு முன் லேசாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். நேருக்கு நேர் அடித்தால் கம்பியின் முகம் மட்டும்தான் நனையும். கயிற்றில் தொங்கவிட்டு இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து, கீழிருந்து என்று சாய்வாக, மெல்லிசாக அடிக்க வேண்டும். ஒரே வீச்சில் மூட நினைத்தால் கண்களில் பெயின்ட் படலமாக நிற்கும். கேனுக்கும் பொருளுக்கும் ஒரு சாண் இடைவெளி. ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் பத்து நிமிஷம். சட்டத்துக்கு சாட்டின் கருப்பு, அதன்மேல் மேட் கிளியர். வலைக்குக் கிளியர் அடிக்கவில்லை. அடுத்தமுறை தேய்த்து அடிக்க வேண்டியது, அதற்கு எதற்கு ஒரு அடுக்கு கூட?

சீக்கிரம் காயட்டும் என்று காரின் கூரைமேல் வெயிலில் வைப்பவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் தகரம் கொதிக்கும், பிளாஸ்டிக் வளைந்தால் திரும்பாது. நிழலில் தொங்கட்டும்.

கட்டுவது

ஸ்க்ரூ போடுவதில்லை என்பது முன்பே முடிவு. சிலிக்கான் பசையைச் சுற்றிலும் இழுத்துவிடச் சொன்னார் நண்பர் ஒருவர். அதில் இரண்டு கஷ்டம். கழற்ற முடியாது. தவிர, எஸ்.எஸ். நன்றாக இருப்பது காற்றுப் பட்டால்தான். பசைக்கும் கம்பிக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் போய் அடைந்தால் 316-ம் அரிக்கும். சைக்கிள் டியூப் வைத்து அழுத்துவதும் இதே ரகம்.

எதிர்வீட்டு அண்ணன் மீன் வலை பழுது பார்ப்பவர். நான் கேபிள் டையை வைத்துக்கொண்டு அளவு பார்ப்பதைத் திண்ணையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்குத் தம்பி இம்புட்டு யோசனை? நூலப் போட்டுக் கட்டிரு."

"கட்டுனா ஓட்டத்துல ஆடாதாண்ணே?"

"கடல்ல ஆடாத கட்டு, ரோட்டுல ஆடிரப் போகுதாக்கும்."

என்னிடம் தங்கூஸ் (ஒற்றை இழை நைலான் நரம்பு) சுருள் இருந்தது, அதைக் காட்டினேன். வேண்டாம் என்றார், வழவழப்பில் முடிச்சு நழுவுமாம். முறுக்கு நைலான் நூல், கருப்பு, கொண்டுவந்து ஊசியில் ஏற்றினார். சட்டத்தின் பின்விளிம்பில் நான் போட்டிருந்த சின்ன ஓட்டைகள் வழியாக விட்டு, வலைக் கண்ணோடு சேர்த்து இழுத்து, இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வலது கையால் சுருக்கைச் சுற்றி முடிச்சை இறக்கினார். கட்டைவிரலை எடுப்பதற்குள் அடுத்த ஓட்டைக்குப் போய்விட்டது ஊசி. ஒவ்வொரு கட்டும் தனித்தனி முடிச்சு, ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும். நைலான் உருகுவது 200 டிகிரிக்கு மேல் என்பதால் ரேடியேட்டர் சூடு ஒன்றும் செய்யாது. வெயிலில் நைந்துபோகுமே என்றால், நூல் முழுவதும் சட்டத்தின் பின்னால் நிழலில் இருக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடும் இடம் ஒன்றுகூட இல்லை. கழற்ற வேண்டுமா, பிளேடு ஒன்று போதும். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். பணம் கொடுத்ததற்கு வாங்க மறுத்துவிட்டார். டீ மட்டும் குடித்தார்.

மாட்டிய பிறகு பார்க்க வேண்டியவை சில. ஹாரன் வலையில் இடிக்கக் கூடாது. பானெட் பூட்டு தடையில்லாமல் விழ வேண்டும். நம்பர் பிளேட் மறையக் கூடாது. முன்பக்கம் ரேடார் வைத்து வருகிற புதிய வண்டிகளில் ரேடாருக்கு எதிரே உலோக வலை போடவே கூடாது, அது குருடாகிவிடும். வலைக்கு மேல் ஆசை வளர்ந்து இரும்புக் குழாயில் முன்பம்பர் கார்டு போடுகிறவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை மீறுவதாக மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

சூடு பார்க்க மதியம் ஏசி போட்டு தனுஷ்கோடி ரோடு முடிகிற அரிச்சல்முனை வரை ஓட்டினேன். பாம்பன் ரோடு பாலத்தில் எதிர்க்காற்று வலையில் பட்டு விசில் அடிக்குமோ என்று காது கொடுத்துக் கேட்டேன், இல்லை. முனையில் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தி வைத்திருந்தபோது ஃபேன் போட்டது, அணைந்தது, மறுபடி போட்டது. இன்ஜின் சூடு காட்டுகிற முள் நடுவைத் தாண்டவில்லை.

கச்சான் காலம் ஒன்று கடந்துவிட்டது. வலையின் முகம் அப்படியே இருக்கிறது. கீழ் மடிப்பில் தண்ணீர் தேங்குகிற மூலையில் மட்டும் இரண்டு மூன்று பழுப்புப் புள்ளிகள். சிட்ரிக் ஆசிட் நனைத்த துணியில் போய்விட்டன. அடுத்தமுறை அந்த மடிப்பை மேல்நோக்கி இல்லாமல் கீழ்நோக்கித் திருப்பிவிடப் போகிறேன், தண்ணீர் வடிந்துவிடும். சட்டத்தின் நுனியில் கல் பட்ட இடத்தில் குரோம் ஊசிமுனை அளவு எட்டிப் பார்க்கிறது. மாசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஆறிய பிறகு, முடிந்தவரை உள்ளிருந்து வெளியே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் கண்ணில் சிக்கிய பூச்சியும் இலையும் கண்டென்சருக்குள் போய் உட்கார்ந்துவிடும். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் மடிந்துவிடும். சாதாரண ஹோஸ் பைப்பும் பழைய பெயின்ட் பிரஷ்ஷும் போதும்.